கண்ணாடித் தொட்டிக்குள் கடலைக் காத்தவர்கள்



எமது வானொலியின் மாதாந்த உரைகளில் இம்முறை சற்று வித்தியாசமான ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் உப்புநீர் நிரப்பி, உயிருள்ள முருகைக்கல் வளர்ப்பவர்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். முருகைக்கல் என்று நாம் சொல்வதைத் தமிழ்நாட்டார் பவளப்பாறை என்பர். பார்ப்பதற்குச் செடிபோலவும் கல்போலவும் இருந்தாலும் அது ஒரு விலங்கு. கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளும் சிறு விலங்கு. அதைக் கடலிலிருந்து பிரித்து ஓர் அறைக்குள் உயிரோடு வைத்திருக்க முடியும் என்று முதலில் காட்டிய நகரங்களில், நாம் வாழும் இதே லண்டனுக்கு முக்கிய இடம் உண்டு.

நான் தொழிலால் கணக்காளன், படித்தது வணிகம். இரசாயனம் எனக்கு க.பொ.த. சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது என் தொழிலுக்குப் பக்கத்துக் கதை என்றே தோன்றியது. கடல் பெரியது. அங்கே வரவும் செலவும் யாரும் கவனிக்காமலே சமன்படுகின்றன. தொட்டி சிறியது. அங்கே செலவானதை யாராவது ஒருவர் நாள்தோறும் திருப்பி வைக்க வேண்டும். அந்த ஒருவர் யார், அவருடைய பெயர் ஏட்டில் ஏறியதா என்பதைச் சொல்வதே இன்றைய உரையின் நோக்கம்.

ஊரைவிட்டு வந்த ஒரு வைத்தியர்

தொட்டிக்கு முன்பாகக் கடல்நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலெக்சாந்தர் மார்செற் என்பவர் 1770ஆம் ஆண்டு ஜெனீவாவில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டி அந்நகரில் எழுந்த குழப்பத்தில் சிறைப்பட்டார். பின்னர் 1794இல் ஐந்து ஆண்டுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். ஸ்கொட்லாந்துக்கு வந்து எடின்பரோவில் மருத்துவம் படித்து, லண்டனில் கைஸ் மருத்துவமனையின் வைத்தியரானார். அரசியல் காரணமாக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, இந்நாட்டில் மீண்டும் படித்து, தொழிலில் நிலைபெற்ற ஒருவரின் கதையை நம் நேயர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மார்செற் பல கடல்களின் நீரைப் போத்தல்களில் வரவழைத்துப் பகுத்துப் பார்த்து, 1819இல் தமது முடிவை வெளியிட்டார். எந்தக் கடலின் நீரை எடுத்தாலும் அதிலுள்ள உப்புகள் ஒன்றேதான். அவை ஒன்றுக்கொன்று கொண்ட விகிதமும் ஏறக்குறைய ஒன்றேதான். மொத்த அளவு மட்டுமே இடத்துக்கு இடம் கூடிக் குறையும் என்றார் அவர். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த பிரித்தானியாவின் சலஞ்சர் கப்பல் கொண்டுவந்த மாதிரிகளில் 77ஐ வில்லியம் டிற்மார் என்ற இரசாயனவியலாளர் பகுப்பாய்வு செய்து, 1884இல் அதை உறுதிப்படுத்தினார்.

இதன் பொருள் என்ன? பருத்தித்துறைக் கடலும் பிரைற்றன் கடலும் ஒரே கணக்குப் பேரேட்டின் இரண்டு பக்கங்கள். ஒரு கிலோகிராம் கடல்நீரில் சராசரி 35 கிராம் உப்புகள். ஒரு லீற்றரில் கல்சியம் 410 மில்லிகிராம் அளவு, மகனீசியம் 1,300 மில்லிகிராமை ஒட்டிய அளவு. கடலில் வாழும் உயிர்கள் நீண்ட காலமாக இந்த நிலையான விகிதத்துக்குப் பழகியவை. திடீர் மாற்றத்தைத் தாங்கும் பழக்கம் முருகைக்கல்லுக்கு இல்லாததற்கு இதுவே காரணம்.

சன்னல் ஓரத்தில் ஒரு சிறு பெண்

இனி வெஸ்ற்மினிஸ்ரருக்கு வருவோம். 1846ஆம் ஆண்டு இலையுதிர் காலம். வெஸ்ற்மினிஸ்ரர் அபேயின் துணைத் தலைமைக் குருவாயிருந்த ஜோன் தின் பிரபுவின் மனைவி அன்னா தின், தென்மேற்குக் கரையிலுள்ள ரோர்க்கேயில் தங்கியிருந்தார். அங்கே கல்முருகைகள் சிலவற்றைக் கண்டு, அவற்றை உயிரோடு லண்டனுக்குக் கொண்டுவர விரும்பினார். நீர் எல்லாப் பக்கமும் சூழ வேண்டும் என்பதற்காக, ஊசியும் நூலும் கொண்டு அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்து, கடல்நீரில் வைத்துக் கொண்டுவந்தார். இவை குளிர்ந்த பிரித்தானியக் கடலின் முருகைகள். நம் ஊர்க் கடலின் வண்ணப் பாறைகளைக் கட்டுபவை வேறு இனங்கள். ஆயினும் சுண்ணாம்பால் எலும்புக்கூடு கட்டுவதில் இரண்டும் ஒன்றே.

லண்டனுக்கு வந்த பிறகுதான் சிக்கல். கடல் எட்டத்தில். கைவசமிருந்த கடல்நீரோ கொஞ்சம். அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். உயிர்கள் மூச்சுவிட்டுக் கெடுத்த நீரை எப்படி மறுபடி நல்லதாக்குவது? அன்னா தின் கண்ட வழி எளிமையானது. திறந்த சன்னலுக்கு முன்னே நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றுவது, பிறகு திருப்பி ஊற்றுவது. நம் ஊர்த் தேநீர்க் கடையில் தேநீர் ஆற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தடவைக்கும் இடையில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இதைச் செய்ய வேண்டியிருந்தது.

இதைச் செய்தது யார்? வீட்டிலிருந்த ஒரு சிறு பணிப்பெண். களைப்புத் தரும் வேலைதான் என்று அன்னா தின் பின்னர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் தமக்கு உதவ விரும்பியதோடு அதை ஒரு விளையாட்டாகவும் கருதினாள் என்றும் எழுதியிருக்கிறார். அப்பெண் என்ன நினைத்தாள் என்பதை அவள் வாயால் கேட்க நமக்கு வழியில்லை. அவளுடைய பெயரைக்கூட அந்தக் கட்டுரை தரவில்லை.

1847 வசந்தத்தில் அன்னா தின் கடற்பாசி படிந்த கற்களையும் ஓடுகளையும் வரவழைத்துத் தொட்டியில் இட்டார். பாசி ஒட்சிசனைத் தந்தது. நீர் மெல்ல மெல்லத் தன் சமநிலையைக் கண்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்தத் தொட்டி நிலைத்தது. முருகைகள் பெருகவும் செய்தன. இதை அவர் 1859இல்தான் ஓர் அறிவியல் இதழில் வெளியிட்டார். அதற்குள் தொட்டிக் கலையின் தந்தைமார் என்ற பெயரை ஆண்கள் சிலர் பெற்றுவிட்டிருந்தனர். அன்னா தின்னை மீண்டும் பொதுமக்கள் நினைவுக்குக் கொண்டுவந்தது 2003இல் ரெபேக்கா ஸ்ரொட் எழுதிய நூல். பணிப்பெண் இன்னமும் பெயரில்லாமலே இருக்கிறாள்.

இங்கே ஒரு சிறு குறிப்பு. சன்னல் வழியான காற்று ஒட்சிசனைக் கொடுப்பதோடு, நீரில் தேங்கிய காபனீரொட்சைட்டையும் வெளியேற்றுகிறது. இன்றைய லண்டன் வீடுகளில் மாரிகாலத்தில் இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களை இறுக மூடி, ஐந்தாறு பேர் உள்ளே இருந்தால், எமது மூச்சுக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு தொட்டி நீரிலும் கரைந்து அதன் பி.எச். அளவைக் கீழே இழுக்கும். கடல்நீருக்கு அது 8.1 அளவில் இருக்க வேண்டும். சில வேளை அதற்கு மருந்து ஒன்றும் தேவையில்லை. சன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும்.

தகப்பனும் மகனும்

அன்னா தின் அபே வீட்டில் தொட்டி வைத்திருந்த காலத்துக்குச் சற்றுப் பின்னர், பிளாக்பிரையர்ஸில் மருந்தாளர் சங்கத்தின் மண்டபத்தில் றொபேட் வொரிங்ரன் என்ற இரசாயனவியலாளர் பணிபுரிந்தார். 12 கலன் நன்னீர்த் தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் இட்டார். செடி மீனுக்கு ஒட்சிசன் தரும், மீன் செடிக்குக் காபனீரொட்சைட்டுத் தரும் என்பது கணக்கு. ஆனால் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன. அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகளை மூன்றாம் பங்காளிகளாகச் சேர்த்ததும் தொட்டி நிலைபெற்றது. இதை 1850இல் அவர் வெளியிட்டார். பின்னர் கடல்நீருக்கும் இதே முறையை விரித்தார்.

அவருடைய கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தது. மீனின் கழிவிலிருந்து எழும் அமோனியா எங்கே போகிறது? அதற்கான விடைக்கு உழைத்தவர்களில் ஒருவர் அவருடைய மகனே என்பதுதான் விசேடம். மகனுக்கும் றொபேட் வொரிங்ரன் என்றே பெயர். லண்டனுக்கு வடக்கே ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1870களின் பிற்பகுதி தொடங்கி மண்ணை ஆராய்ந்தார். அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாறுகிறது, இந்த இரண்டு படிகளையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் செய்கின்றன என்று அவர் காட்டினார். அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்த புகழ் 1890ஐ ஒட்டி ரஷ்யரான வினோகிராட்ஸ்கிக்குச் சேர்ந்தது. தகப்பனின் தொட்டியைக் காத்தவர்களில் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாவும் உண்டு என்பது இப்படித்தான் வெளியாயிற்று. புதுத் தொட்டி வாங்கிய மறுநாளே மீன் விடக்கூடாது, சில வாரங்கள் பொறுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்வது இந்தப் பற்றீரியா கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும் என்பதற்காகத்தான்.

கொஸ் எழுதிய பட்டியலும் விட்டுவிட்ட வரியும்

பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது. ரயில் பாதைகள் கடற்கரையைக் கிட்டவாக்கின. 1853 மே மாதம் ரீஜென்ற்ஸ் பார்க் மிருகக்காட்சிச் சாலையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குக் கடலுயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் பிலிப் ஹென்றி கொஸ் ஒருவர். 1854இல் அவர் எழுதிய நூல் வெளிவந்ததும், நடுத்தர வர்க்க வீடுகளில் கடல்தொட்டி மோகம் பரவிற்று.

கடற்கரைக்குப் போக முடியாத லண்டன்வாசி உப்புநீருக்கு எங்கே போவார்? கொஸ் அதே ஆண்டில் ஒரு செய்முறை வெளியிட்டார். சமையல் உப்பு மூன்றரை அவுன்ஸ், எப்சம் உப்பு கால் அவுன்ஸ், மகனீசியம் குளோரைட்டு 200 கிறெயின், பொற்றாசியம் குளோரைட்டு 40 கிறெயின். இவற்றை ஒரு கலனுக்குச் சற்றுக் குறைந்த நீரில் கரைக்க வேண்டும். ஸ்வைற்சர் என்பவர் பிரைற்றன் கடல்நீரைப் பகுத்துக் கொடுத்த பட்டியலை வைத்தே இதைக் கணக்கிட்டார்.

ஆனால் அந்தப் பட்டியலிலிருந்த சில சிறு தொகைகளை அவர் விட்டுவிட்டார். கல்சியம் சல்பேற்று விடப்பட்டது. கல்சியம் காபனேற்றும் விடப்பட்டது. அடியில் போடும் ஓட்டுத் துண்டுகளிலிருந்தும் முருகைத் துண்டுகளிலிருந்தும் அது தானாகக் கிடைத்துவிடும் என்பது அவர் எண்ணம். நண்டும் கடற்சாமந்தியும் வளர்க்க அது போதுமாக இருந்தது. சுண்ணாம்பு வீடு கட்டும் முருகைக்கல்லுக்கோ அந்தச் சிறு தொகைதான் உயிர். கடலின் பி.எச். அளவில் ஓடும் முருகைத் துண்டும் இலகுவில் கரைவதில்லை. ஐந்தொகையில் சில்லறை என்று ஒதுக்கிய வரி, கடைசியில் வியாபாரத்தையே மூடவைத்த கதைகள் என் தொழிலில் நிறைய உண்டு.

எந்தக் கணக்கு முதலில் காலியாகும்?

இதை விளக்க என் அக்காவின் மகனுடைய தொட்டியை உதாரணம் காட்டுகிறேன். ஹரோவில் அவன் வீட்டில் 200 லீற்றர்த் தொட்டி. ஒருநாள் தொலைபேசியில் சொன்னான்: "மாமா, கல்சியம் சரியாத்தான் இருக்கு. பிறகு ஏன் நுனியெல்லாம் வெளிறிப் போகுது?"

"காரத்தன்மை பாத்தனியே?" என்று கேட்டேன்.

"கல்சியம் சரியெண்டா மற்றதும் சரிதானே மாமா?"

பெரும்பாலானோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். முருகைக்கல் கட்டுவது கல்சியம் காபனேற்று. அதற்குக் கல்சியம் ஒரு கணக்கிலிருந்தும், காபனேற்று இன்னொரு கணக்கிலிருந்தும் போகின்றன. இரண்டாவது கணக்கின் இருப்பைத்தான் காரத்தன்மை என்று அளக்கிறோம். தொட்டி வளர்ப்போர் அதை டி.கே.எச். என்ற அலகில் சொல்வார்கள். கடலில் அது 7ஐ ஒட்டி இருக்கும். தொட்டிகளில் 7 முதல் 9 வரை வைப்பது வழக்கம். ஒரே பற்றுச்சீட்டுக்கு இரு கணக்கிலும் பதிவு விழுகிறது. 20 மில்லிகிராம் கல்சியம் போகும்போது 2.8 டி.கே.எச். காரத்தன்மையும் கூடவே போகும். இந்த விகிதம் மாறுவதில்லை.

இனிக் கூட்டிப் பாருங்கள். திங்கட்கிழமை காலை கல்சியம் 420, காரத்தன்மை 8.4 என்று வைப்போம். நன்றாக வளரும் முருகைகள் ஒரு நாளில் 1.4 டி.கே.எச். எடுத்தால், கல்சியத்தில் போவது 10 மில்லிகிராம் மட்டும். அதே வேகத்தில் போனால் வியாழன் காலையில் கல்சியம் 390. பார்ப்பவருக்குப் பெரிய குறையாகத் தெரியாது. காரத்தன்மையோ 4.2. இருப்பில் பாதி போய்விட்டது. கடலில் கல்சியத்தின் இருப்பு காரத்தன்மையைவிட, ஒரே அலகில் வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஒரே தொகையை இரண்டு வங்கிக் கணக்கிலிருந்தும் எடுக்கிறோம். சிறிய கணக்குத்தான் முதலில் காலியாகும். பெரிய கணக்கின் கூற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

குறைந்ததை ஒரே நாளில் நிரப்புவதும் ஆபத்தே. ஒரு நாளில் ஒரு டி.கே.எச். அளவுக்கு மேல் ஏற்றாதிருப்பது நல்லது. 7இல் நிலையாக நிற்கும் தொட்டி, 7க்கும் 10க்கும் இடையில் ஊசலாடும் தொட்டியைவிட மேலானது. மருமகன் இப்போது இரண்டு நாளுக்கொரு தடவை காரத்தன்மையை அளக்கிறான்.

இன்னொரு கணக்கும் உண்டு. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே மட்டம் குறையும்போது உப்புச் செறிவு ஏறுகிறது. குறைந்த மட்டத்தை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அல்ல. லண்டன் குழாய்நீர் எப்படிப்பட்டது என்பதை எங்கள் வீட்டுக் கேத்தல்களின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பே சொல்லும். அதில் நைத்திரேற்றும், ஈயக் குழாய்களின் ஈயம் கரையாதிருக்கச் சேர்க்கும் பொசுபேற்றும் இருக்கின்றன. குடிப்பதற்கு அவற்றால் தீங்கில்லை. தொட்டியில் அவை நாளுக்கு நாள் சேர்ந்து பாசியை வளர்க்கும். ஆர்.ஓ. வடிகட்டி தேவைப்படுவது அதனால்தான்.

கோபுரத்தின் அடியில் ஒரு நீர்த்தேக்கம்

மறுபடி வரலாற்றுக்கு. வில்லியம் அல்பேட் லொயிட் என்பவர் லண்டனில் தொட்டிகளும் கடலுயிர்களும் விற்கும் கடை நடத்தியவர். 1871இல் தென்கிழக்கு லண்டனில் கிறிஸ்ரல் பலஸ் கடல் காட்சியகத்தை அமைத்தார். பிரைற்றனிலிருந்து கடல்நீர் ரயிலில் வந்தது. லொயிட்டின் முக்கியமான யோசனை மக்கள் பார்க்காத இடத்தில் இருந்தது. காட்சித் தொட்டிகளிலிருந்த நீரைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு நீரை அடியில் ஓர் இருண்ட தேக்கத்தில் வைத்து, பம்பிகளால் இடைவிடாது சுற்றவைத்தார். நீர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு மாற்றம் மெதுவாகும். கையிருப்பு நிறைய உள்ள நிறுவனம் ஒரு நட்ட மாதத்தைத் தாங்குவதுபோல. இன்றைய வீட்டுத் தொட்டிகளின் அடியில் அலுமாரிக்குள் மறைந்திருக்கும் சிறு தொட்டியும் பம்பியும் லொயிட்டின் தேக்கத்துக்குப் பேரப்பிள்ளைகள்.

அந்தக் காட்சியகம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூடப்பட்டது. கிறிஸ்ரல் பலஸ் மாளிகையே 1936இல் எரிந்து போனது. காட்சியகம் இருந்த இடத்தில்தான் 1950களில் அந்த உயரமான ஒலி, ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. தென் லண்டன் நேயர்கள் தினமும் பார்க்கும் கோபுரம் அது. அடுத்த தடவை பார்க்கும்போது அதன் காலடியில் ஒருகாலத்தில் கடல் இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எடுத்ததும் எரித்ததும்

இந்த மோகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. வீட்டுத் தொட்டிகளில் உயிர்கள் இறக்க இறக்க, மக்கள் மறுபடி கரைக்குப் போய் அள்ளினார்கள். கொஸ்ஸின் மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் எழுதிய நூலில், தம் தகப்பனின் எழுத்தால் தூண்டப்பட்ட கூட்டமே தென்மேற்குக் கரையின் பாறைக் குளங்களை வெறுமையாக்கியது என்று வருந்துகிறார். நிலையில்லாத ஒவ்வொரு தொட்டியும் கடலிடம் கடன் வாங்கிக்கொண்டே இருக்கும்.

எமது நாட்டிலும் முருகைக்கல் இன்னொரு வகையில் செலவானது. யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களில் முருகைக்கல்லைக் காணலாம். தென்மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் கடலிலிருந்து முருகைக்கல்லை உடைத்தெடுத்துச் சூளையில் எரித்துச் சுண்ணாம்பாக்கினார்கள். எரித்த கல்லில் நீர் ஊற்றினால் நீற்றுச் சுண்ணாம்பு. அது சுவருக்குப் பூச்சு, கலவைக்குப் பசை. இலங்கை அரசு கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை 1988இல் திருத்தி இதைத் தடைசெய்தது. ஏழைகளின் பிழைப்பாகவும் இருந்த தொழில் என்பதால் தடைக்குப் பின்னும் அது முற்றாக நின்றுவிடவில்லை. 1998இல் கடல்நீர் சூடேறி, இக்கடுவை உட்படப் பல இடங்களில் முருகைக்கல் வெளிறி மடிந்தது.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர் படிந்த கடற்கல்லையும் காற்றுக் குமிழியையும் கொண்டே வெப்பக் கடலுயிர்களை வளர்க்கும் தம் முறையை ஒரு அமெரிக்க இதழில் எழுதினார். பற்றீரியா குடியிருக்கும் கல்லே வடிகட்டி. ஆனால் கல்முருகை நிலைத்து வளர, செலவாகும் சுண்ணாம்பை ஈடுசெய்ய ஒரு வழி வேண்டியிருந்தது. 1970களில் பீற்றர் வில்கென்ஸ் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பிய வழி என்ன தெரியுமா? நீற்றுச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, அந்தத் தெளிந்த நீரைத் துளித்துளியாக விடுவது. எமது அப்பாச்சிமார் வெற்றிலையில் தடவிய அதே சுண்ணாம்பு. சூளையில் முருகைக்கல்லை எரித்தால் கிடைப்பது எதுவோ, அதையே திருப்பித் தண்ணீரில் இட்டால் முருகைக்கல் வளர்கிறது.

அதிலுள்ள சிறப்பு, கல்சியமும் காரத்தன்மையும் முருகை எடுக்கும் அதே விகிதத்தில் கிடைப்பதுதான். ஒரு லீற்றரில் ஒன்றரைக் கிராமை ஒட்டிய அளவே கரையும். கடும் காரம் என்பதால் கண்ணிலோ கையிலோ படக்கூடாது; சிறுவர்களுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். தொட்டியில் மெதுவாக, கூடுமானால் இரவில், விட வேண்டும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பை விடவேண்டாம். அதில் வேறு சேர்மானங்கள் இருக்கலாம். இன்று கல்சியத்தையும் காரத்தன்மையையும் இரண்டு தனிக் கரைசல்களாக ஊற்றும் முறைகளும், அவற்றை மணிக்கணக்குப்படி ஊற்றும் சிறு பம்பிகளும் உள்ளன.

போறஸ்ற் ஹில்லில் ஒரு இரவு

கடைசியாக, தேயிலை வணிகர் ஒருவரின் செல்வத்தால் உருவான போறஸ்ற் ஹில் ஹோர்னிமன் அருங்காட்சியகம். அங்கே ஜேமி கிறாக்ஸ் தலைமையில் 2012இல் முருகைக்கல் திட்டம் தொடங்கியது. கடலில் முருகைகள் ஆண்டில் குறித்த சில இரவுகளில், நிலவையும் வெப்பத்தையும் பகல் நீளத்தையும் கணித்து, ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் வெளிவிடும். ஹோர்னிமன் குழுவினர் சிங்கப்பூர்க் கடலினதும் அவுஸ்திரேலியப் பெரும் தடுப்புப் பாறையினதும் வெப்பம், பகல், நிலவு ஆகியவற்றைத் தொட்டிகளில் செயற்கையாக ஓட்டினார்கள். 2013இல் லண்டனின் ஓர் அறைக்குள் முருகைகள் முட்டையிட்டன. முறையை 2017இல் விரிவாக வெளியிட்டு எவரும் பின்பற்ற வழிசெய்தார்கள். அவர்களுடைய ஒத்துழைப்போடு 2019இல் அமெரிக்காவின் புளோரிடாக் காட்சியகம், அழிந்துவரும் தூண் முருகையை இனப்பெருக்கம் செய்வித்தது.

நிலவும் வெப்பமும் அமைந்தாலும் நீர் மாதக்கணக்கில் நிலையாக இராவிட்டால் முருகை முட்டை வைக்காது. உயிர் தப்புவது ஒன்று. பிள்ளை பெற்று வாழ்வது இன்னொன்று. அந்நிய நிலத்தில் வாழ்ந்த நமக்கு இந்த வேறுபாடு தெரியும்.

நேயர்களுக்கு ஒரு யோசனை

தொட்டி வைத்திருப்பவர்கள், வைக்க விரும்புபவர்கள் இதைச் செய்யலாம். கடலிலிருந்து உடைத்தெடுத்ததை வாங்காமல், தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டு உண்டா என்று கடையில் கேளுங்கள். கல்முருகைகள் யாவும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. ஊருக்குப் போகும்போது நினைவுக்காக ஒரு துண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவது சட்டச் சிக்கலாகலாம்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, உப்புச் செறிவு, வெப்பம், காரத்தன்மை, கல்சியம், என்ன ஊற்றினோம், எவ்வளவு ஊற்றினோம் என்று நிரல்கள் போடுங்கள். ஒரு மாதக் கணக்கைப் பார்த்தாலே உங்கள் தொட்டி ஒரு நாளுக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கடைசியில் இன்னும் ஒரு நிரலைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: யார் ஊற்றியது. அப்பா இரவு வேலைக்குப் போனபோது மகள் ஊற்றியிருப்பாள். எல்லோரும் ஊருக்குப் போன மூன்று கிழமையும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஊற்றியிருப்பார். வெஸ்ற்மினிஸ்ரர்ச் சன்னலோரத்தில் நின்ற அந்தச் சிறு பெண்ணின் வேலை கட்டுரையில் இருக்கிறது, பெயர் இல்லை. எங்கள் வீட்டுக் கொப்பிகளிலாவது பெயர்கள் இருக்கட்டும்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.